18.30 மீட்டருக்குக் கீழே எரியும் வீடுகள்

ஊரப்பாக்கம், 2022 நவம்பர் 4. இன்னும் விடியவில்லை. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, குடும்பக் காரியத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருந்தவர்கள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டி வெடித்தது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்த வீட்டில் புகை நிறைந்தது. மூன்று பேர் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள்.

அதற்கு மூன்றாண்டு முன்பு, 2019 ஜூன் 27 அன்று, கிழக்குத் தாம்பரம் சேலையூரிலும் இதேதான் நடந்தது. அங்கும் குளிர்சாதனப் பெட்டிதான், அங்கும் அடைத்த கதவுகளுக்குள் சூழ்ந்த புகைதான். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போனார்கள்.

இரண்டு ஊருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையில் சில கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் சேலையூர் மாநகராட்சி எல்லைக்குள் வருகிறது, ஊரப்பாக்கம் கிராம ஊராட்சி. நிர்வாகம் வேறு, வரி வேறு, அதிகாரிகள் வேறு. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் கிடையாது. அந்த வீடுகளில் புகையைக் கண்டதும் கூவும் ஒரு கருவியோ, வெப்பம் ஏறியதும் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஒரு ஸ்பிரிங்க்ளர் குழாயோ இருந்தாக வேண்டும் என்று எந்த அதிகாரியும் கேட்டிருக்க முடியாது. கேட்பதற்கு அவர்கள் கையில் விதி இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் தீப்பாதுகாப்பை அரசு அக்கறையோடு விசாரிக்கத் தொடங்குவது 18.30 மீட்டர் உயரத்துக்கு மேலேதான். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அந்த உயரத்தைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம் என்கின்றன. அப்போதுதான் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையின்மைச் சான்று, தனித் தண்ணீர்த் தொட்டி, தீயணைப்பு வண்டி சுற்றி வர இடம், மாடிக்கு மாடி ஹோஸ் குழாய் எல்லாம் பேச்சுக்கு வருகின்றன.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சிட்லப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தால் அந்த உயரத்தை எட்டும் கட்டடங்கள் குறைவாகவே தெரியும். ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப் படைத் தளம். உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மனைகளும் சிறியவை. ஒரு கிரவுண்டு, ஒன்றரை கிரவுண்டு நிலத்தில் இருந்த பழைய தனி வீட்டை இடித்துவிட்டு, உரிமையாளரும் பில்டரும் கூட்டாக, கீழே வாகனம் நிறுத்த ஸ்டில்ட் தளம் விட்டுக் கட்டும் ‘ஸ்டில்ட் பிளஸ் மூன்று’, ‘ஸ்டில்ட் பிளஸ் நான்கு’ அடுக்குகள்தான் புறநகரின் இன்றைய முகம். லட்சக்கணக்கான மக்கள் வாழ்வது இங்கேதான். தீப்பாதுகாப்புச் சட்டம் எட்டிப் பார்க்காத உயரமும் இதுதான்.

தேசியக் கட்டட நெறித் தொகுப்பு வேறு கணக்குச் சொல்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட 2016 பதிப்பின் நான்காம் பகுதி, 15 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள எல்லாக் கட்டடங்களையும் உயர்மாடி என்றே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது பரிந்துரைதான், மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட அளவுக்குத்தான் அதற்குப் பலம். 15-க்கும் 18.30-க்கும் இடையே இருப்பது ஒரு முழு மாடி. அந்த மாடியில் குடியிருப்பவருக்கு தேசிய நெறி ஒரு பாதுகாப்பைச் சொல்கிறது, மாநில விதி வேறொன்றைச் சொல்கிறது. அதற்குக் கீழே, சேலையூரிலும் ஊரப்பாக்கத்திலும் மரணம் வந்த உயரத்தில், வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்று இரண்டுமே சொல்வதில்லை.

யாருக்கு அதிகாரம்?

1992-ல் நிறைவேறிய அரசியல் சாசனத்தின் 74-வது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொறுப்புகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. இரண்டாவது, நில உபயோகத்தையும் கட்டடம் கட்டுவதையும் முறைப்படுத்துவது. ஏழாவது, தீயணைப்புப் பணி. அதாவது, ஒரு நகரத்தில் வீடு எப்படிக் கட்டப்பட வேண்டும், தீப்பிடித்தால் யார் வந்து அணைக்க வேண்டும் என்ற இரண்டையும் அந்த நகரத்தின் மன்றமே பார்த்துக்கொள்ளலாம் என்று நாடாளுமன்றம் கருதியது. கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலத்தின் விருப்பம்.

மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. அகமதாபாத்திலும் அப்படித்தான். மகாராஷ்டிரத்தின் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, அதற்குள் வரும் கட்டடங்களின் உரிமையாளர்கள் ஜனவரியிலும் ஜூலையிலும், தீயணைப்புக் கருவிகள் வேலை செய்கின்றன என்று உரிமம் பெற்ற நிறுவனத்திடம் சான்று வாங்கித் தர வேண்டும். அங்கே தீ விபத்து நடந்தால் மக்கள் மாநகராட்சியைத்தான் கேள்வி கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் துறை, அதற்கு 1985-ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. கட்டட விதியும் மாநிலத்துடையதே. சென்னைக்கு ஒன்று, நகராட்சிகளுக்கு ஒன்று, ஊராட்சிகளுக்கு ஒன்று என்று முன்பு பிரிந்து கிடந்த விதிகளை 2019 தொகுப்பு ஒன்றாக்கியது. குழப்பம் குறைந்தது நல்லதுதான். கூடவே, ஓர் ஊர் தன் தேவைக்கேற்ப ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் வழியும் குறுகிவிட்டது.

தாம்பரம் மாநகராட்சி பிறந்தது 2021 நவம்பரில். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைந்தன. 70 வார்டுகள், 5 மண்டலங்கள். 10,000 சதுர அடிக்குள், எட்டு வீடுகளுக்குள் அடங்கும் குடியிருப்புக்கு அனுமதி தரும் பொறுப்பு உள்ளாட்சியிடம் இருக்கிறது. அதற்கு மேல் போனால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. ஆக, புறநகரில் எழும்பும் பெரும்பாலான வீடுகளின் வரைபடம் மாநகராட்சிப் பொறியாளரின் மேஜைக்குத்தான் வருகிறது. முன்பக்கம் எத்தனை அடி விட்டிருக்கிறார்கள், பக்கவாட்டில் எவ்வளவு, கார் நிறுத்த இடம் எங்கே, மழைநீர்த் தொட்டி எங்கே என்று அவர் பார்க்கிறார். படுக்கையறைக்கு வெளியே புகை உணர்வி எங்கே என்று அவரால் கேட்க முடிந்தால் அதற்கு இன்னொரு அதிகாரியோ இன்னொரு அலுவலகமோ தேவைப்படாது. வரைபடத்தில் ஒரு சிறிய வட்டம் போட்டால் போதும்.

அரசின் போக்கோ எதிர்த்திசையில் இருக்கிறது. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கட்டுபவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். பணிநிறைவுச் சான்று வாங்குவதிலிருந்து சிறு குடியிருப்புகளுக்கு இருந்த விலக்கு, முதலில் மூன்று வீடுகள் வரை என்றிருந்து, பிறகு எட்டு வீடுகள் வரை விரிந்தது. அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி; அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பணிநிறைவுச் சான்றுக்கு வரும் ஆய்வுதான் ஓர் அதிகாரி கட்டடத்துக்குள் நடந்து பார்க்கும் கடைசித் தருணம். அதுவும் இல்லாத இடத்தில் பாதுகாப்புக்கு வேறு ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடி இன்னும் உருவாகவில்லை.

அந்தச் சிவப்புக் கண்ணாடிக் குமிழ்

ஸ்பிரிங்க்ளர் என்றதும் சினிமாவில் பார்த்த காட்சிதான் பலருக்கு நினைவுக்கு வரும். ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்ததும் கட்டடம் முழுக்க மழை கொட்டும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. கூரையில் பொருத்திய தலைப்பகுதியை அருகில் போய்ப் பார்த்தால், சுண்டுவிரல் நுனியைவிட மெல்லிய ஒரு கண்ணாடிக் குமிழ் தெரியும். உள்ளே சிவப்புத் திரவம். தண்ணீர் வரும் துளையை அடைத்துப் பிடித்திருப்பது அந்தக் குமிழ்தான். கூரையருகே வெப்பம் ஏறி, குமிழே 68 டிகிரியைத் தொடும்போது திரவம் விரிந்து கண்ணாடி உடைகிறது. அடைப்பு விழுகிறது, தண்ணீர் கீழே உள்ள பல் தகட்டில் மோதிக் குடைபோல விரிந்து தெறிக்கிறது. எந்தக் குமிழ் சுடுகிறதோ அது மட்டும்தான் உடையும். அடுத்த அறையில் இருப்பது அப்படியே இருக்கும். புகைக்கு அது அசையாது, ஊதுபத்திக்கும் சாம்பிராணிக்கும் அசையாது. மின்சாரமும் அதற்குத் தேவையில்லை.

ஒரு குமிழ்த் தலையின் விலை சில நூறு ரூபாய். செலவு வைப்பது குழாயும் தண்ணீரும் அழுத்தமும்தான். புறநகர் வீட்டுக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, “குடிக்கவே லாரி வாங்குகிறோம், தீக்கு எங்கிருந்து தண்ணீர்?” என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்வி.

அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வீடுகளுக்கென்றே 1975-ல் ‘13டி’ என்ற தனித் தரத்தை வெளியிட்டது. அதன்படி, சாதாரண வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு தலைகள் பத்து நிமிடம் ஓடினால் போதும். வீட்டு வகைத் தலை ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 50 லிட்டர் தெளிக்கும். பெருக்கிப் பார்த்தால் ஆயிரம் லிட்டர். மொட்டை மாடியில் நிற்கும் கறுப்புத் தொட்டி ஒன்றின் கொள்ளளவு. தொட்டியின் அடியில் எப்போதும் அந்த ஆயிரம் லிட்டர் மிச்சம் இருக்கும்படி, வீட்டு உபயோகக் குழாயைச் சற்று மேலே பொருத்திவிட்டால் தீக்கான இருப்பு தயார்.

அழுத்தம்தான் சிக்கல். வீட்டு வகைத் தலைக்குக் குறைந்தபட்சம் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் அழுத்தமாவது வேண்டும். தாராளமான அளவில் குழாய் போட்டால், நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ் மாடிகளுக்குத் தொட்டியின் உயரமே அதைக் கொடுத்துவிடும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி மாடிக்கு அது போதாது. அங்கே ஒரு பம்ப் தேவை, மின்வெட்டிலும் ஓடும் பம்ப். ஷவரில் தண்ணீர் வேகமாக வருவதற்காகப் பல அடுக்குமாடிகள் இப்போதே பிரஷர் பம்ப் வைத்திருக்கின்றன. உயிருக்காகவும் அதை வைக்கலாம்.

இந்தியாவில் ஸ்பிரிங்க்ளர் அமைப்புக்கு உள்ள ஐ.எஸ். 15105 என்ற தரம் கிடங்கு, அலுவலகம், வணிக வளாகம் போன்ற பெரிய இடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதை அப்படியே நான்கு வீட்டு அடுக்குமாடியில் திணித்தால் செலவு தாங்காது. பில்டர்கள் எதிர்ப்பதும் சரியாகிவிடும். எளிய வீட்டுத் தரம் ஒன்றை உருவாக்காமல் கட்டாயம் மட்டும் கொண்டுவந்தால், காகிதத்தில் சான்று, கூரையில் காய்ந்த குழாய் என்றுதான் முடியும்.

சமையலறையில் கேஸ் கசிந்து பற்றும் தீயை ஸ்பிரிங்க்ளர் அணைக்காது, சுற்றியுள்ள பொருள்களைக் குளிரவைத்துப் பரவாமல் தடுக்கும். சேலையூர், ஊரப்பாக்கம் போன்ற சம்பவங்களில் முதலில் தேவைப்பட்டது தண்ணீரைவிட ஒரு சத்தம். தூங்குபவருக்குப் புகையின் வாசனை எட்டுவதில்லை. ஓசைதான் எழுப்பும். பேட்டரியில் ஓடும் புகை உணர்வி ஒன்று, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் கருகத் தொடங்கும்போதே அலறியிருக்கும். ஆகவே வரிசை தெளிவு: எல்லா வீட்டுக்கும் புகை உணர்வி, ஒரே படிக்கட்டை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களுக்கு ஸ்பிரிங்க்ளர்.

ஊர்கள் முந்திக்கொண்ட கதை

இந்த விஷயத்தில் மாநில அரசுகளுக்கு முன்பே சில நகரங்கள் முன்னால் போயிருக்கின்றன. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஸ்காட்ஸ்டேல் பாலைவன நகரம், தண்ணீரின் அருமை அறிந்த இடம். 1985-ல் அந்த நகர மன்றம், இனிக் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டிலும் ஸ்பிரிங்க்ளர் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 15 ஆண்டுகள் கழித்து முடிவைக் கணக்கெடுத்தார்கள். 598 வீட்டுத் தீ விபத்துகள். ஸ்பிரிங்க்ளர் இல்லாத வீடுகளில் 13 பேர் இறந்திருந்தார்கள். ஸ்பிரிங்க்ளர் இருந்த வீடுகளில் ஒருவர்கூட இல்லை. அந்த வீடுகளில் தீயை அடக்கச் சராசரியாக 341 கேலன், அதாவது சுமார் 1,300 லிட்டர் தண்ணீர் செலவானது. வண்டி வந்து குழாய் பிடித்து அணைத்த வீடுகளில் 2,935 கேலன், 11,000 லிட்டருக்கும் மேல். கோடையில் ஒரு லாரி தண்ணீருக்காக வரிசையில் பதிவு செய்து காத்திருக்கும் செம்பாக்கத்துக்காரருக்கு இந்த வித்தியாசத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

2009-ல் அமெரிக்காவின் மாதிரிக் குடியிருப்பு விதித்தொகுப்பு, புதிய தனி வீடுகளுக்கும் ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயம் என்றது. கலிஃபோர்னியாவும் மேரிலாந்தும் மாநிலம் முழுக்க ஏற்றன. வீடு கட்டும் நிறுவனங்களின் எதிர்ப்பு அதே வேகத்தில் கிளம்பியது. டெக்சாஸ் போன்ற மாநிலங்கள், எந்த நகராட்சியும் தனி வீடுகளுக்கு ஸ்பிரிங்க்ளர் கேட்கக் கூடாது என்றே சட்டம் இயற்றின. நகரம் தன் மக்களைக் காக்க ஒரு விதி போடலாமா, அதை மாநிலம் தடுக்கலாமா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. இங்கே அந்தச் சண்டை தொடங்கவே இல்லை.

வேல்ஸ் வேறு வழியில் போனது. 2011-ல் அதன் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி, 2016 ஜனவரி முதல் புதிதாகக் கட்டும் எல்லா வீடுகளுக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயமானது. ஒரு நாடே இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. இங்கிலாந்து பொறுத்திருந்தது. லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயில் 72 பேர் இறந்த பிறகு, 30 மீட்டருக்கு மேல் என்றிருந்த வரம்பைப் புதிய அடுக்குமாடிகளுக்கு 11 மீட்டராகக் குறைத்தார்கள். 11 மீட்டர் என்பது நம் ஊரில் ஏறக்குறைய ஸ்டில்ட்டுக்கு மேல் மூன்று மாடி. ஸ்காட்லாந்தோ 2022 பிப்ரவரியில், பழைய வீடு புதிய வீடு என்ற பேதமில்லாமல், ஒன்றோடொன்று இணைந்து ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவிகள் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்றது.

மழைநீர் காட்டிய வழி

“இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா?” என்பவர்களுக்கு 2003-ஐ நினைவூட்டலாம். ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது வந்த அவசரச் சட்டம், பழையதோ புதியதோ, தமிழ்நாட்டின் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்றது. சில மாதம்தான் கெடு. அமைக்காவிட்டால் உள்ளாட்சியே அமைத்து, செலவைச் சொத்து வரியோடு வசூலிக்கலாம், குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். ஊரெங்கும் பி.வி.சி. குழாயும் ஜல்லியும் தேடி மக்கள் அலைந்தார்கள். பெயருக்குப் பள்ளம் தோண்டி மூடியவர்களும் உண்டு. அதன் பிறகு சென்னைக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஏராளம்.

அந்தச் சட்டம் செய்த முக்கியமான காரியம் பொறுப்பை உள்ளாட்சியின் வாசலில் கொண்டுவந்து வைத்ததுதான். சொத்து வரி வாங்குபவரும் குடிநீர் இணைப்பு கொடுப்பவரும் வரைபடத்தில் கையெழுத்துப் போடுபவரும் ஒரே அலுவலகத்தில் இருந்ததால் அதை நிறைவேற்ற முடிந்தது. தீப்பாதுகாப்புக்கும் அதே அலுவலகம்தான் பொருத்தம். தீயணைப்பு நிலையத்தில் இருப்பவர்கள் பாம்பு பிடிப்பதிலிருந்து கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவது வரை பார்க்கிறார்கள். வீடு வீடாக ஏறிச் சோதிக்க அவர்களுக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. மாநகராட்சிக்கோ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி எண் இருக்கிறது.

விதியைத் திருத்த வேண்டியது மாநில அரசு. அது பெரிய வேலையும் அல்ல. 2019 தொகுப்பு வந்தபிறகு பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் கட்டுபவர்களுக்குச் சலுகை தருவதற்காக. குடியிருப்பவர்களின் உயிருக்காக இரண்டு வரிகள் சேர்க்கலாம். ஒன்று, புதிய வீடு எதுவானாலும் புகை உணர்வி. இரண்டு, தீ அபாயத்தை முன்னிட்டு ஓர் உள்ளாட்சி தன் எல்லைக்குள் கூடுதல் பாதுகாப்பைக் கேட்கலாம், 18.30 மீட்டருக்குக் கீழே உள்ள அடுக்குமாடிகளிலும் கேட்கலாம் என்ற உரிமை. இரண்டாவது வரி வந்துவிட்டால் தாம்பரம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தாம்பரமே முடிவு செய்யும்.

ஸ்டில்ட்டில் இருந்து தொடங்கலாம்

கேட்க வேண்டிய முதல் இடம் ஸ்டில்ட். புறநகரின் எந்த அடுக்குமாடிக்குள் நுழைந்தாலும் அந்தக் காட்சி மாறாது. படிக்கட்டு ஏறும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் எட்டுப் பத்து ஈ.பி. மீட்டர்கள் வரிசையாக. அதற்கு முன்னால் ஒட்டி நிறுத்திய டூவீலர்கள், ஒவ்வொன்றின் டேங்கிலும் பெட்ரோல். இப்போது அவற்றுக்கு நடுவே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் மின்சார ஸ்கூட்டர், மாடியிலிருந்து இழுத்துவந்த எக்ஸ்டென்ஷன் ஒயர். மூலையில் பழைய மெத்தை, அட்டைப் பெட்டி, யாரோ விட்டுப்போன சைக்கிள். மீட்டர் பெட்டியில் ஒரு பொறி பறந்தால், அந்தப் புகை போகும் ஒரே வழி படிக்கட்டு. மாடியில் இருப்பவர்கள் இறங்கி வரும் ஒரே வழியும் அதுதான். மேலே ஓடினால் மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கும், சாவி செகரட்டரி வீட்டில். ஜன்னலில் திருடனுக்குப் பயந்து வைத்த கம்பி. வாசலில் மரக் கதவுக்கு வெளியே இன்னொரு இரும்பு கிரில், அதற்கு ஒரு பூட்டு.

அந்த ஸ்டில்ட்டின் கூரையில் நான்கைந்து ஸ்பிரிங்க்ளர் தலைகள் போதும். தொட்டியின் முழு உயரமும் அதற்கு மேலே இருப்பதால் பல கட்டடங்களில் பம்ப் இல்லாமலே அழுத்தம் கிடைத்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குழாய் இழுக்கும் வேலை இல்லை, கூரையை உடைக்கும் வேலை இல்லை. பல குடும்பங்களின் ஒரே தப்பிக்கும் வழியை மிகக் குறைந்த செலவில் காக்கும் ஏற்பாடு இது. தேசிய நெறி 200 சதுர மீட்டரைத் தாண்டிய அடித்தளங்களுக்கு ஸ்பிரிங்க்ளர் கேட்பதும் இதே காரணத்தால்தான்: கீழே பற்றினால் மேலே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மீட்டர் பலகையையும் படிக்கட்டையும் ஒரே மூலையில் வைக்கக் கூடாது என்று வரைபட நிலையிலேயே சொல்லிவிட்டால் அதற்குக் காசே செலவில்லை.

இரண்டாவது இடம் விடுதிகள். கிழக்குத் தாம்பரத்தில் கல்லூரி மாணவர்கள், பெருங்குடியிலிருந்து நாவலூர் வரை ஐ.டி. ஊழியர்கள், வண்டலூர் பக்கம் வேலை தேடி வந்தவர்கள். மூன்று படுக்கையறை வீட்டைப் பலகை வைத்து எட்டு அறையாக்கி, அறைக்கு மூன்று கட்டில் போட்டால் அது ‘பி.ஜி.’ ஆகிவிடுகிறது. காகிதத்தில் அது இன்னமும் குடியிருப்புதான். மதுரை கட்ராப்பாளையத்தில் 2024 செப்டம்பர் 12 அன்று ஒரு பெண்கள் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்து, ஆசிரியைகள் இருவர் உயிரிழந்தனர். அந்தக் கட்டடத்தை இடிக்கச் சொல்லி மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தது. பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவுக்கு வரும்போதே ஸ்பிரிங்க்ளரும் தப்பிக்க இரண்டாவது வழியும் கேட்பதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. அது வீடாக இருக்கும்வரை ஒரு குடும்பம் குடியிருந்தது. விடுதியானபின் தினம் சம்பாதிக்கும் தொழில்.

தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் எரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது விழித்திருந்தால், அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கீற்றுக் கூரைக்குப் பறிகொடுத்திருக்க வேண்டாம். அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்று இறங்கியது. 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஏழு மாடித் துணிக்கடை பற்றி எரிந்து, கட்டடத்தையே இடிக்க வேண்டி வந்தபோது கடைகளுக்கு நோட்டீஸ் பறந்தது. வீடுகளில் மட்டும் சாவு இரண்டும் மூன்றுமாக வருகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-ல் நாடு முழுவதும் தீ விபத்துகளில் இறந்தோர் 7,400-க்கும் மேல். அதில் பாதிக்கும் மேல் குடியிருப்புகளில். இத்தனை பேர் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் இறக்காததால் விசாரணைக் கமிஷன் அமையவில்லை, விதியும் மாறவில்லை.

ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளுக்கு என்ன வழி? ஒவ்வொரு வீட்டிலும் கூரையைக் கொத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், அப்படிச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, இரண்டு ஆண்டு தாமதத்துக்குப் பிறகு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கங்களுக்கு இப்போது சட்ட வடிவம் இருக்கிறது, பொது இடத்தைப் பராமரிக்கும் கடமையும் இருக்கிறது. ஸ்டில்ட் பொது இடம், படிக்கட்டு பொது இடம், மொட்டை மாடித் தொட்டி பொதுச் சொத்து. வருடாந்தரப் பொதுக்குழுவில் பெயின்ட் அடிப்பதற்கும் லிஃப்ட் ஒப்பந்தத்துக்கும் ஒதுக்கும் தொகையோடு ஸ்டில்ட் ஸ்பிரிங்க்ளரையும் சேர்க்க எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்யும் சங்கத்துக்குச் சொத்து வரியில் ஒரு சிறு தள்ளுபடி கொடுத்தால் அடுத்த தெருவும் செய்யும். அந்தத் தள்ளுபடியையும், விதித் திருத்தம் கோரும் தீர்மானத்தையும் ஒரே கூட்டத்தில் மன்றத்தின் முன்வைத்து அரசுக்கு அனுப்பிவைக்க, தாம்பரத்தின் 70 கவுன்சிலர்களில் ஒருவர் எழுந்து பேசினால் போதும்.